சர்வர் யார் பேரில் இருக்கிறது?

பம்பும் மோட்டாரும் வெட் கிரைண்டரும் அவற்றின் உதிரி பாகங்களும் செய்து நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் கோயம்புத்தூரின் சிறு ஸ்தாபனங்களில், டைரியும் பென்சிலுமாக பஸ் ஏறி ஊர் ஊராக ஆர்டர் எடுத்துவந்த பிரதிநிதியின் காலம் மெல்ல மறைந்து, டீலரே தம் கைப்பேசியில் ஆர்டரைப் பதிந்து, சரக்கு எந்த லாரியில் ஏறிற்று என்பதையும் தம் கணக்கில் பாக்கி எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்ளத்தக்க வலைச்செயலிகள் வந்துவிட்டன. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் மட்டுமல்ல. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும், கரூர் ஜவுளி ஏற்றுமதியாளர்களிடத்தும், ஈரோட்டு மஞ்சள் வியாபாரிகளிடத்தும், பொள்ளாச்சித் தென்னை நார்த் தொழிலிலும் இந்த மாறுதலைக் காணலாம். இது சந்தோஷத்துக்குரிய வளர்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் வருஷக் கணக்கை முடிக்க வந்த ஆடிட்டர், இந்தச் செயலியின் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்கப் புகும்போது முதலாளிக்கும் அவருக்கும் நடக்கும் சம்பாஷணை பெரும்பாலும் இப்படித்தான் போகிறது:

“ஏனுங்க, நம்ம சைட்டு யார் பேர்லீங்க இருக்குது?”

“அதெல்லாம் நம்ம தம்பிதானுங்க பாத்துக்குது.”

“பாஸ்வேர்டு?”

“அதும் தம்பிகிட்டத்தானுங்க.”

“தம்பி இப்ப எங்கீங்க?”

“பெங்களூருக்குப் போயிருச்சுங்க. போன் அடிச்சா எடுக்கறதில்லீங்க.”

இந்தத் தம்பியைத் திருடன் என்று எண்ணிவிடலாகாது. செயலியை எழுதிக் கொடுத்த நாளில், டொமைன் பதிய ஒரு மின்னஞ்சல் முகவரி வேண்டும், சர்வர் எடுக்க ஒரு கார்டு வேண்டும் என்று அவர் கேட்டிருப்பார். முதலாளியோ, “அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க, உங்க பேர்லயே போட்டுருங்க, காசு குடுத்தர்றேன்” என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தையில், டீலர்களின் பெயரும் விலாசமும் விலைப்பட்டியலும் பாக்கிக் கணக்கும் அடங்கிய ஒரு முழு வியாபாரத்தின் ஏட்டுப் பகுதி, இன்னொருவருடைய சுவாதீனத்துக்குப் போய்விடுகிறது. பின்னால் மனஸ்தாபம் வந்தாலும் சரி, வராமலே அவர் வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டாலும் சரி, பலன் ஒன்றுதான். இதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பரிகாரங்கள் யாவும் காலமும் பணமும் கொள்பவை. செயலியை ஏற்றி இயக்கத் தொடங்குகிற முதல் நாளிலேயே செய்துவிடக்கூடிய காரியங்கள் சில உண்டு. அவற்றைச் செய்துவிட்டால் அந்தப் பரிகாரங்களைத் தேடி அலையவேண்டிய அவசியம் பெரும்பாலும் நேராது.

முதலில், எதை எதை நாம் வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்கவேண்டும். “வெப்சைட் போட்டாச்சு” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற காரியம் உண்மையில் ஐந்தாறு தனித்தனிப் பொருள்களால் ஆனது. மக்கள் தட்டச்சு செய்யும் முகவரியாகிய டொமைன் ஒன்று. அந்த முகவரியைக் கேட்டால் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று வழிகாட்டும் டி.என்.எஸ். பதிவுகள் ஒன்று, மும்பையிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஏதோ ஒரு தரவு மையத்தில் மாத வாடகைக்கு எடுத்த சர்வர் ஒன்று, அதன்மேல் ஓடுகிற செயலியின் மூல நிரல் ஒன்று, அந்தச் செயலி சேமித்துவைக்கும் தரவுத்தளம் ஒன்று, முகவரிக்கு முன்னால் பூட்டுச் சின்னத்தைக் காட்டுகிற பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று. இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் பெரும்பாலும் தனிக் கெடுவும் உண்டு. கோயம்புத்தூரில் ஐந்து சென்ட் மனை வாங்குகிறவர், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பட்டாவும் வக்கீல் கையில் சேராமல் அட்வான்ஸ் கொடுக்கத் துணியமாட்டார். அவரேதான் தம் வியாபாரத்தின் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

டொமைன் விஷயத்தில் பதிவு விதிகளின் நோக்கு மிக எளியது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். டாட் காம் போன்ற சர்வதேச முகவரிகளுக்கு ஐகான் என்னும் ஸ்தாபனத்தின் விதிகளும், டாட் இன் முகவரிகளுக்கு நிக்ஸி என்னும் நம் நாட்டு ஸ்தாபனத்தின் விதிகளும் செல்லுபடியாகின்றன. பணம் கொடுத்தது யார், பெயரை யோசித்தது யார் என்பதைப் பதிவாளர் நிறுவனம் விசாரிப்பதில்லை. உரிமையாளராகப் பதிவானவர் கேட்டால், வேறு பதிவாளரிடம் மாற்றிக்கொள்வதற்கான இரகசியக் குறியீட்டை 5 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும் என்பது ஐகானின் விதி; ஆனால் பதிவாகாதவர் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. கெடு தப்பிவிட்டாலோ, டாட் காம் முகவரி அன்றே பிறர் கைக்குப் போய்விடுவதில்லை. சலுகைக் காலம் கழிந்து பதிவாளர் அதை நீக்கிய பின்னரும் மீட்புக் காலமாக 30 நாட்கள் உண்டு. ஆயினும் அந்த மீட்புக் காலத்தில் கேட்கப்படும் கட்டணம் வழக்கமான கட்டணத்தைப்போலப் பல மடங்கு. சலுகைக் காலத்திலேயே பதிவாளர் அதை ஏலத்துக்கு விட்டுவிடுவதும் உண்டு. புதுப்பிக்கச் சொல்லி வந்த எச்சரிக்கைக் கடிதங்களெல்லாம் பெங்களூருக்குப் போன தம்பியின் பழைய மின்னஞ்சலில் படிக்கப்படாமல் கிடந்தன என்பது, முகவரி பறிபோன பிறகுதான் தெரியவரும்.

டொமைன் பெயர் சம்பந்தமாக சுப்ரீம் கோர்ட்டு வரை சென்ற வழக்குக்கு நம் தமிழ்நாட்டு ஸ்தாபனம் ஒன்றே முன்னோடி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, 1999ஆம் வருஷம் முதல் சிஃபி என்ற தன் பெயரைக் கொண்ட பல டொமைன்களைப் பதிந்து நடத்திக்கொண்டிருந்தபோது, 2001இல் மற்றொரு நிறுவனம் எழுத்தில் சிறிதே வேறுபட்டு ஒலியில் ஒன்றாகவே அமைந்த முகவரிகளைப் பதிந்தது. பெங்களூர் சிட்டி சிவில் கோர்ட்டு தடை விதித்தது. கர்நாடக ஹைகோர்ட்டு அந்தத் தடையை நீக்கியது. 2004 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, வர்த்தகச் சின்னத்துக்குரிய லட்சணங்கள் யாவும் டொமைன் பெயருக்கும் இருக்கக்கூடும் என்றும், பிறர் பெயரைத் தம் பெயர்போலக் காட்டி வியாபாரம் செய்வதைத் தடுக்கும் பழைய நியதி இதற்கும் பொருந்தும் என்றும் தீர்ப்பளித்து, சத்யம் பக்கமே நியாயம் சொன்னது. இந்தத் தீர்ப்பு இத்தகைய வழக்குகள் பலவற்றில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் இடைக்காலத் தடை ஒன்றுக்காகவே மூன்று கோர்ட்டுகள் ஏறவேண்டியிருந்தது என்பதையும் வாசகர் கவனிக்கவேண்டும். கோர்ட்டுக்குப் போகாமல் தீர்த்துக்கொள்ள டாட் இன் முகவரிகளுக்கு நிக்ஸியின் மத்தியஸ்த முறை இருக்கிறது. அதில் வெல்ல, அந்தப் பெயர் நம் பெயரோடு குழப்பம் தரத்தக்க ஒற்றுமை உடையது என்பதையும், எதிரிக்கு அதில் நியாயமான பாத்தியதை இல்லை என்பதையும், துர்எண்ணத்தோடு பதிந்தார் அல்லது பயன்படுத்துகிறார் என்பதையும் நிரூபிக்கவேண்டும். நம் சம்மதத்தோடு, நம் வேலைக்காக, தம் பெயரில் பதிந்த ஒருவருடைய துர்எண்ணத்தை நிரூபிப்பது சுலபமன்று.

மூல நிரலின் விஷயம் இன்னும் விசித்திரமானது. “காசு குடுத்து எழுதச் சொன்னது நான், அப்ப எழுதினது என்னுதுதானுங்க” என்று நம் தொழிலதிபர்கள் உறுதியாக நம்புகிறார்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கணினி நிரலை அந்தச் சட்டம் இலக்கியப் படைப்பின் கணக்கில் சேர்த்திருக்கிறது. படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவரே. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் தம் உத்தியோகத்தின் பகுதியாக எழுதியதானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை முதலாளியைச் சேரும். ஆனால் வெளியிலிருந்து ஒப்பந்த வேலையாக எழுதிக் கொடுத்தவர், எழுத்து மூலமாகக் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தாலன்றி உரிமை அவரிடமே தங்கிவிடுகிறது. 19ஆம் பிரிவு மேலும் ஒரு நுட்பத்தை வைத்திருக்கிறது: மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 வருஷத்துக்கே செல்லும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் பனியன் அனுப்பும் திருப்பூர்க் கம்பெனி இந்த ஒரு வரியைக் கவனியாமல் கையெழுத்திட்டால் நேரும் சங்கடத்தை விவரிக்கத் தேவையில்லை. ஆகவே ஒப்பந்தத்தில், “பதிப்புரிமை முழுவதும், அதன் முழுக் காலத்துக்கும், உலகம் முழுமைக்கும்” என்ற சொற்கள் இருந்தே ஆகவேண்டும். பாக்கித் தொகை முழுவதும் செலுத்திய தினத்தில் இந்த மாற்றம் அமலுக்கு வரும் என்று எழுதிக்கொள்வதே இருதரப்புக்கும் நியாயமானது.

இனி சர்வருக்கு வருவோம். இங்கேதான் அபாயம் நாள்தோறும், நிமிஷந்தோறும் இருக்கிறது. இதைக் கண்ணால் கண்டாலன்றி நம்புவது கடினம். புதிதாக வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில், அதன் எண் முகவரியை இன்னும் ஒருவருக்கும் சொல்லியிராத நிலையில், சில மணி நேரம் கழித்து அதன் உள்நுழைவுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், திரை நிறைய ஒரே மாதிரியான வரிகள் ஓடும்: ரூட் என்ற பெயருக்குத் தவறான கடவுச்சொல், அட்மின் என்ற பெயருக்குத் தவறான கடவுச்சொல், டெஸ்ட், உபுண்டு, ஒராக்கிள், மறுபடியும் ரூட். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் எந்தெந்த தேசத்திலிருந்தோ வந்த எண்கள். இவற்றை மனிதர் எவரும் உட்கார்ந்து செய்யவில்லை. இணையத்திலுள்ள எல்லா எண்களையும் ஒன்றுவிடாமல் வரிசையாகத் தட்டிப் பார்க்கும்படி ஏவப்பட்ட நிரல்கள் செய்கின்றன. ஆகையால், “நம்ம சின்னக் கம்பெனிங்க, நம்மள யாருங்க தேடி வரப்போறான்” என்ற ஆறுதல் அர்த்தமற்றது. அந்த நிரலுக்குச் சின்னக் கம்பெனி, பெரிய கம்பெனி என்ற பேதமே தெரியாது.

இதற்கான தற்காப்பு முறைகள் புதியவை அல்ல; செலவும் கிடையாது. ரூட் என்னும் சர்வாதிகாரக் கணக்கில் கடவுச்சொல்லால் நுழைவதை அடைத்துவிட்டு, மறைக்குறியீட்டுச் சாவி உள்ளவர் மட்டும் நுழையும்படி செய்யவேண்டும். பொதுமக்களுக்குத் திறந்திருக்கவேண்டியவை 80, 443 என்னும் இரண்டு வாயில்களே. நிர்வாகத்துக்குரிய 22ஆம் வாயில் குறிப்பிட்ட இடங்களிலிருந்து மட்டும் திறக்கவேண்டும். தரவுத்தளத்தின் 3306, 27017 போன்ற வாயில்கள் வெளியுலகுக்குத் திறந்திருக்கவே கூடாது. 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும், மாங்கோ டிபி என்னும் தரவுத்தளத்தைக் கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்துவைத்திருந்த ஆயிரக்கணக்கான ஸ்தாபனங்களின் தரவை அழித்துவிட்டு, அந்த இடத்தில் பணம் கேட்கும் சீட்டு ஒன்றை மாத்திரம் விட்டுச்சென்ற கொள்ளை உலகமெங்கும் நடந்தது. எந்தப் பூட்டையும் கொள்ளையர் உடைக்கவில்லை. பூட்டு போடவே இல்லை.

செயலியை எழுதுபவர் தம் வசதிக்காக வைத்துக்கொண்டவை, ஏற்றும் நாளில் அகற்ற மறந்துபோவதால் விளையும் கேடும் இதற்குக் குறைந்ததன்று. பிழை நேர்ந்தால் அதன் காரணத்தைத் திரையில் விரித்துக் காட்டும் சோதனை நிலை அப்படியே இயங்கிக்கொண்டிருக்கும். வெளியார் ஒருவர் வேண்டுமென்றே தவறான முகவரியைத் தட்டினால், உள்ளிருக்கும் கோப்புகளின் பெயரும் சிலசமயம் கடவுச்சொற்களுமே பளிச்சென்று தெரியும். தரவுத்தளத்தின் கடவுச்சொல், பணம் வாங்கும் நுழைவாயிலின் இரகசியச் சாவி, மின்னஞ்சல் கணக்கு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதி, புள்ளியில் தொடங்கும் பெயரிட்டு, அது பிறர் கண்ணில் படாது என்று நம்பி விட்டுவைப்பதும் உண்டு. வலை சர்வரின் அமைப்பு சரியில்லாவிட்டால் அது கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கும். “அட்மின்” என்ற பெயரும் “அட்மின் 123” என்ற கடவுச்சொல்லும் கொண்ட சோதனைக் கணக்கைப் பற்றி நான் எழுதவேண்டியதில்லை. இதை வாசிப்பவர்களில் சிலர் இந்நேரம் தம் செயலியைத் திறந்து பார்க்கப் போயிருப்பார்கள்.

ஒப்படைக்கும் தினத்தில், தொழில்நுட்பம் ஒன்றும் அறியாத முதலாளியும் செய்து பார்க்கத்தக்க பரீட்சை ஒன்று உண்டு. தம்பியை எதிரில் உட்காரவைத்து, “சர்வரை ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணுங்க பாக்கலாம்” என்று கேளுங்கள். செயலியைத் தம் கையால் தட்டச்சு செய்து ஓடவிட்டுவிட்டு எழுந்துவந்தவராயின், அது மறுபடி தானே எழாது. என்றோ ஒருநாள் இரவு தரவு மையத்தில் பராமரிப்பு வேலை நடந்து சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது, மறுநாள் காலையில் டீலர்களெல்லாம் போன் செய்வார்கள். முறையாக அமைத்திருந்தால் இரண்டு மூன்று நிமிஷத்தில் யாரும் கை வைக்காமலே எல்லாம் திரும்ப வந்து நிற்கும். அதே உட்காரலில் பாதுகாப்புச் சான்றிதழ் தானே புதுப்பித்துக்கொள்கிறதா என்றும் கேட்டுவிடவேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் தர்ம ஸ்தாபனம் இலவசமாகக் கொடுக்கும் சான்றிதழ்களின் ஆயுள் 90 நாட்களே. காசு கொடுத்து வாங்குபவற்றின் உச்ச ஆயுளும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2029 மார்ச் முதல் 47 நாட்களாகச் சுருங்கவிருக்கிறது. காலண்டரில் குறித்துவைத்துக் கையால் புதுப்பிக்கும் வழக்கம் இனிச் செல்லாது.

பிரதி எடுத்துவைப்பதைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும், ஏனெனில் இதில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சு தேசத்து ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் என்னும் பெரிய நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் முற்றிலும் அழிந்தது. சர்வரை வாடகைக்கு எடுத்தால் பிரதியும் அந்த நிறுவனமே எடுத்துக்கொள்ளும் என்று எண்ணியிருந்த வாடிக்கையாளர் பலர், அப்படி ஒரு கடமை ஒப்பந்தத்தில் இல்லை என்பதை அன்றுதான் அறிந்தார்கள். பிரதி எடுத்திருந்தவர்களிலும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் ஒருசேர இழந்தார்கள். கிட்லேப் என்னும் நிறுவனத்தில், 2017 ஜனவரி கடைசி நாளில், களைப்புற்ற பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, மீட்பதற்குப் பிரதிகளைத் தேடியபோது, ஐந்து விதமாக ஏற்பாடு செய்திருந்த பிரதிமுறைகளில் எதுவுமே ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை என்பது வெளிப்பட்டது. அதை அந்த நிறுவனமே மறைக்காமல் உலகுக்கு அறிவித்தது. ஆகவே ஒப்பந்தத்தில் எழுதவேண்டியது “பேக்கப் எடுக்கப்படும்” என்பதன்று. தினமும் எடுத்து, வேறு நிறுவனத்தின் இடத்தில், முதலாளியின் சொந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து செயலியை வேறொரு சர்வரில் உயிர்ப்பித்துக் காட்டவேண்டும்.

பணம் செலுத்துவதிலும் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. மாதாமாதம் கார்டிலிருந்து தானே பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கடுமையான நிபந்தனைகளை விதித்தபோது, அயல்நாட்டு சர்வர் நிறுவனங்களுக்குச் செல்லவேண்டிய தொகைகள் பலருக்கு நின்றுபோயின. ஒவ்வொரு பிடித்தத்துக்கும் முன்னறிவிப்பு வரும். 15,000 ரூபாய்க்கு மேற்பட்டால் ஒவ்வொரு முறையும் நாமே அங்கீகரிக்கவும் வேண்டும். கார்டு தம்பியுடையதாக இருந்தால் அந்த அறிவிப்பு யாருக்குப் போகும் என்பது வெளிப்படை.

இதுவரை சொன்னது முதலாளியின் பாத்தியதை. அவருடைய பொறுப்பு வேறு. டீலர், வாடிக்கையாளர், தொழிலாளி ஆகியோரின் பெயர், கைப்பேசி எண், விலாசம் இவற்றைச் செயலியில் சேர்த்துவைத்த கணத்திலேயே அவர் பிறர் உடைமைக்குக் காவலராகிவிடுகிறார். 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் அமலுக்கு வருகின்றன. தரவைக் கையாளும் வேலையை வெளியாரிடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு ஒப்படைத்தவருடையதே என்று அந்தச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. “ஹோஸ்டிங் கம்பெனி பாத்துக்கும்னு இருந்தேனுங்க” என்ற சமாதானம் எடுபடாது. தரவு கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றி அறிவிக்கவேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே தகவலும், 72 மணி நேரத்துக்குள் விவரமான அறிக்கையும் தரவேண்டும். நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கணபதியில் பத்து ஆள் பட்டறை வைத்திருப்பவர்மேல் அவ்வளவு பெரிய தொகை விழும் என்று நான் பயமுறுத்தவில்லை, தவறின் தன்மையையும் தொகையின் விகிதத்தையும் பார்த்தே வாரியம் முடிவு செய்யும். ஆனால் சிறியவர் என்பதற்காக முழு விலக்கு உண்டு என்று எண்ணிவிடவும் கூடாது.

இன்றே அமலில் இருப்பது செர்ட்-இன் என்னும் மத்திய அமைப்பின் 2022 ஏப்ரல் 28ஆம் தேதிக் கட்டளை. சிறு தொழில்களுக்கு அதே வருஷம் செப்டம்பர் 25 முதல் பொருந்தியது. அத்துமீறிய நுழைவு, தரவுக் கசிவு, பணம் கேட்டுத் தரவைப் பூட்டிவைக்கும் தாக்குதல் முதலியவற்றை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும். சர்வரின் பதிவேடுகளை 180 நாட்களுக்குக் காத்துவைக்கவேண்டும். தாக்குதல் நடந்தவுடன் பதறிப்போய் சர்வரையே அழித்துப் புதிதாக ஏற்றிவிடும் வழக்கம் நம்மவரிடம் இருக்கிறது. அது சாட்சியத்தைத் தாமே அழிப்பதாகும். முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்து, வட்டின் முழுப் பிரதியை எடுத்து வைத்துவிட்டு, பிறகே மீட்பு வேலையைத் தொடங்கவேண்டும். செயலியில் பொதுமக்களுக்கு நேரடியாக விற்பனையும் நடந்தால், 2020ஆம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி ஸ்தாபனத்தின் பெயரும் விலாசமும் குறைதீர் அலுவலரின் விவரமும் அதில் தெரியவேண்டும். வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும்.

விவகாரம் முற்றிவிட்ட நிலையில் என்ன செய்வது? செயலி எழுதியவர் கடவுச்சொல்லைத் தர மறுக்கிறார், அல்லது சர்வரை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பில், வங்கிப் பரிமாற்ற ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், மின்னஞ்சல் இவற்றைத் திரட்டி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுப்பது முதற்படி. உரிமை உள்ளவருக்கு அணுகலை மறுப்பதும், தரவை அழிப்பதும், அனுமதியின்றி நகல் எடுப்பதும் 2000ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகின்றன; அவற்றை வஞ்சகமாகச் செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 வருஷம் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். குற்றப் புகாருக்கு சைபர் கிரைம் போலீஸ் நிலையம் உண்டு. பணமோசடியானால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும்.

நஷ்ட ஈட்டுக்கான வழி வேறு. அதைப் பலரும் அறிந்திலர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளைச் சிவில் கோர்ட்டு விசாரிப்பதில்லை. மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளரே தீர்ப்பதிகாரியாக இருந்து விசாரிக்கிறார். இது ஏட்டில் மட்டும் உள்ள அதிகாரம் அன்று. 2010ஆம் வருஷம், போலி மின்னஞ்சலால் ஏமாந்து கணக்கிலிருந்து பணம் இழந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி பெரிய தனியார் வங்கி ஒன்றுக்குத் தமிழகத்தின் தீர்ப்பதிகாரி உத்தரவிட்டது, நாட்டிலேயே இவ்வகையில் முதன்மையாகப் பேசப்பட்ட தீர்ப்பு. எனினும் இந்தப் பிரிவுகள் எல்லாவற்றிலும் “உரிமை உள்ளவர்” என்ற சொல்லே அச்சாணி. கணக்கு தம்பியின் பெயரில் இருந்தால், உரிமை உள்ளவர் யார் என்ற முதல் கேள்வியிலேயே வழக்கு நொண்டத் தொடங்கிவிடும்.

தம்பியின் பக்கத்து நியாயத்தையும் கேட்காமல் விட்டால் இந்தக் கட்டுரை அநீதியாகும். சர்வரை நிறுத்திய வழக்குகளில் பாதிக்குமேல் பின்னால் கொடுக்காத பாக்கி ஒன்று இருக்கும் என்பது என் அபிப்பிராயம். லட்ச ரூபாய்க்குப் பேசி, அறுபதாயிரம் கொடுத்து, மீதியைக் கேட்டால் “இன்னும் ரெண்டு ரிப்போர்ட் சேத்துக் குடுங்க தம்பி, ஒட்டுக்கா செட்டில் பண்ணிரலாம்” என்று மாதக்கணக்கில் இழுப்பது நம் ஊரில் புதிய காட்சியன்று. இந்த இளைஞருக்கு சர்வரை நிறுத்துவதைவிட வலுவான ஆயுதம் சட்டத்தில் இருக்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு சேவை ஸ்தாபனமாக அவர் இருந்தால், அத்தகைய ஸ்தாபனங்களுக்கான 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாட்களுக்குள்ளும், இருந்தாலும் 45 நாட்களுக்கு மேற்படாமலும் தொகை வந்தாகவேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதாந்தரக் கூட்டு வட்டியாக ஏறும். இதற்கான வசூல் மன்றத்தின் கிளை கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. அதில் புகார் செய்ய வக்கீல் கட்டாயமில்லை. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருஷம் வரை செலவாகக் காட்டமுடியாது என்று 2023இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த விதி வேறு இருக்கிறது. அது வந்தபோது திருப்பூரிலும் ஈரோட்டிலும் எழுந்த கூச்சலை வியாபாரிகள் மறந்திருக்கமாட்டார்கள். இவ்வளவு இருக்க, பிறருடைய சர்வரை நிறுத்திவைத்து 43ஆம் பிரிவில் போய் விழுவது புத்திசாலித்தனம் ஆகாது.

ஆகவே இந்த வாரத்துக்குள் செய்யத்தக்கது ஒன்று. டொமைன் பதிவு, டி.என்.எஸ்., சர்வர், மூல நிரல் களஞ்சியம், பிரதி வைக்கும் இடம், பணம் வாங்கும் நுழைவாயில் என ஒவ்வொன்றும் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில், எந்தக் கார்டில், எந்தக் கெடுவில் இருக்கிறது என்பதை ஒரே தாளில் எழுதி வாங்குங்கள்; உரிமையாளர் கணக்கைக் கம்பெனியின் மின்னஞ்சலுக்கு மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பை முதலாளியின் கைப்பேசியில் வையுங்கள்; வேலை செய்பவருக்கு வேலைக்குப் போதுமான அளவு அனுமதி மட்டும் தனிக் கணக்கில் கொடுங்கள். அந்தத் தாளை எழுதிக் கொடுக்கும் தம்பிக்குப் பாக்கி ஏதேனும் இருந்தால் அதையும் அன்றே தீர்த்துவிடுங்கள்.

கொடிசியா, சீமா, திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் முதலிய நம் சங்கங்கள் பொருட்காட்சி நடத்துவதிலும் மின்கட்டணத்துக்காக அரசோடு வாதாடுவதிலும் காட்டும் ஊக்கத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கி, வக்கீல் ஒருவரும் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரும் சேர்ந்து எழுதிய இரண்டு பக்க மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் அச்சிட்டு, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அனுப்பிவைக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.